நீங்கள்க்கு

ஜனவரி 5, ஞாயிறு

இந்த நோட்டை நேற்று பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கினேன். வாயில் வருவதை எல்லாம் முதலில் இதில் கொட்டிவிட வேண்டும், அதற்கப்புறம்தான் குழு மடலில் பதில் எழுத வேண்டும் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

காரணம் இருக்கிறது. செவிவழி குழுவுக்கு என்னை மட்டுறுத்துநராகப் போட்டிருக்கிறார்கள். மடலில் யாராவது வரம்பு மீறிப் பேசினால் "போதும், அடக்கி வாசியுங்கள்" என்று சொல்கிற வேலை. ஏழு வருஷமாக அந்த மடலில் அதிகம் வரம்பு மீறிய ஆள் நான்தான். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னதும், "நல்ல ஆளப் பாத்தானுவ! ஏட்டி வடிவு, மொதல்ல நம்ம வீட்ல மட்டுறுத்து" என்று சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

செவிவழி என்பது கண் தெரியாதவர்களுக்குக் கணினித் திரையைத் தமிழில் வாசித்துக் காட்டும் மென்பொருள். கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், சும்மா எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் பதினோரு பேர், பதினோரு ஊர். சம்பளம் கிடையாது. சண்டை உண்டு. ஒருவர் செய்த திருத்தத்தை வேறு இருவர் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும், அதனால் சண்டைக்குப் பஞ்சமே இல்லை.

முக்கியமான ஆட்கள் இரண்டு பேர். சூலூர் பூபதிராஜா, நூல் மில்லில் வேலை, இருபத்தொன்பது வயது. நிரல் எழுதுவதில் கில்லாடி. வவுனியா யசோதினி, அங்கே ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. செவிவழி பேசுகிற குரலே அவள் குரல்தான். மூவாயிரம் வாக்கியம் வாசித்துப் பதிந்து கொடுத்தாள். எந்த இடத்தில் "க"வை அழுத்த வேண்டும், எங்கே இழைக்க வேண்டும் என்கிற விதியெல்லாம் அவள் எழுதியது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு, நாற்பத்தொன்று.

நான் மொழிபெயர்ப்பும் சில்லறை வேலையும். இப்போது நாட்டாமையும்.

ஜனவரி 8, புதன்

சிலிண்டர் தீர்ந்து போச்சு. இட்லி பாதி வெந்து நிற்கிறது.

அலுவலகத்தில் எஸ்தர் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஆபீஸ் டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலேயே பார்வை கிடையாது. மார்ச் ஒன்றாம் தேதி அவளுக்குத் துறைத் தேர்வு. இந்த முறை செவிவழியை வைத்துக் கணினியிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கிவிட்டாள். பாஸானால் உதவியாளர் பதவி. இல்லையென்றால் அதே நாற்காலி, அதே "லைன்ல இருங்க சார்". ஏற்கெனவே இரண்டு தரம் எழுதினாள், சொல்வதைக் கேட்டு எழுதுகிறவர் எழுதியதில் ஏகப்பட்ட குளறுபடி, இரண்டு தரமும் போச்சு. "அக்கா, தேர்வு ஹால்ல உள்ள புது கம்ப்யூட்டர்ல பழைய செவிவழி ஓடாதாம்லா. புதுசு எப்பக்கா வரும்?"

பிப்ரவரிக்குள் வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான், செய்ய வேண்டியது பூபதியும் யசோதினியும்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆரம்பித்துவிட்டார்கள்.

வாசிப்பு வேகமாக இருக்கட்டும் என்று பூபதி காற்புள்ளிக்கு நிற்கிற இடைவெளியை எடுத்துவிட்டான். அதைப் பார்த்துவிட்டு யசோதினி மடலில் எழுதியது இது:

"பூபதி, நீர் காற்புள்ளி எல்லாத்தையும் சாப்பிட்டுவிட்டீர். இப்படி ஓடினால் கேட்கிற ஆளுக்கு விளங்காது. ஆறுதலாக இருந்து திருப்பிப் பாரும்."

அவ்வளவுதான். பூபதி ஒரே வரியில் பதில் போட்டான்: "மரியாதை தெரியாதவர்களோடு வேலை செய்ய எனக்கு நேரமில்லை. என் நிரலை எடுத்துக்கொண்டு தனிக் கிளையாகப் போகிறேன்."

தனிக் கிளை என்றால் மென்பொருளை நகலெடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுவது. கட்டற்ற மென்பொருளில் அதற்கு யாருக்கும் உரிமை உண்டு. அவனிடம் நிரல் இருக்கும், இவளிடம் குரல் இருக்கும். பேசத் தெரியாத மென்பொருள் ஒன்று, ஓடத் தெரியாத குரல் ஒன்று. எஸ்தருக்கு என்ன கிடைக்கும்?

நான் எழுத நினைத்த பதில்: ஏல பூபதி, உனக்கு மூளை மில்லுல பஞ்சோட பஞ்சாப் போச்சால? ஒரு கமாவுக்குக் குடும்பத்தையே பிரிக்கியே!

நான் அனுப்பிய பதில்: நாளை பேசலாம்.

ஜனவரி 13, திங்கள்

பூபதியிடம் போனில் முக்கால் மணி நேரம்.

"கமா பத்திச் சொன்னது எனக்கு ஒண்ணும் இல்லீங்கக்கா. தப்புன்னா திருத்திப்போடறேன். ஆனா 'நீர்'னு எப்படிங்க சொல்லலாம்? எங்கூட்ல ரெண்டு வயசுக் கொழந்தையக்கூட 'வாங்க, சாப்புடுங்க'ன்னுதானுங்க சொல்லுவோம். ரெண்டு வருசமா 'நீங்கள்'னு எழுதினவங்க இப்ப 'நீர்'னு எழுதறாங்கன்னா என்ன அர்த்தம்? நான் என்ன அவங்க வேலைக்காரனுங்களா? அதுக்கு மேல 'ஆறுதலா இருங்க'ன்னு ஒரு நக்கல். ஆறுதல் சொல்ல இங்க என்ன எழவா உழுந்திருக்குது?"

அவன் குரல் உடைந்துபோயிருந்தது. கோபம் என்று நினைத்துத்தான் போன் போட்டேன். அவனுக்கு அழுகை.

எனக்கும் அந்த "நீர்" காதில் ஒரு மாதிரி உரசத்தான் செய்தது. ராஜா மந்திரியை அதட்டுவதுபோல. யசோதினி என்னை ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. எனக்கு எப்போதும் நீங்கள்தான். அதுவும் மரியாதைதானே.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. மடலைத் திறக்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

மட்டுறுத்துநராக என் முதல் சட்டம் போட்டாயிற்று. "குழு மடலில் எல்லாரும் எல்லாரையும் 'நீங்கள்' என்றே அழைக்க வேண்டும். நீ, நீர், உமது, உம்மை கூடாது." இரண்டே வரி. பதினோரு பேரில் ஒன்பது பேர் கைதட்டினார்கள்.

பூபதி: "நன்றிங்கக்கா. தனிக் கிளைப் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன்."

யசோதினி: "நன்றி. இனி அப்படியே எழுதுகிறேன்."

ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு விளக்கம் சொல்லவில்லை. தப்பு அவள்மேல் இருக்கப்போய்த்தானே வாயைத் திறக்கவில்லை? வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் கேட்டுத்தான தீர்ப்புச் சொன்ன?" என்றார். அவருக்கு மென்பொருள் பற்றி என்ன தெரியும்?

ஜனவரி 22, புதன்

மடலில் மரியாதை தாண்டவமாடுகிறது. "தங்கள் மேலான கருத்து", "தாங்கள் கூறியது சரியே." கல்யாணப் பத்திரிகை தோற்றது போங்கள்.

காற்புள்ளி விஷயம் அப்படியே நின்றது. பூபதி மறுபடியும் அதே திருத்தத்தைப் போட்டான். யசோதினி "உங்கள் விருப்பம்" என்று எழுதிச் சரி போட்டுவிட்டாள். உள்ளே போய்விட்டது. ஒரு சண்டை இல்லாமல் ஒரு திருத்தம் உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

சோதனைப் பதிப்பை எஸ்தருக்குப் போட்டுக் கொடுத்தேன். சாயந்திரம் வந்து, "அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா கேக்கயில எனக்கு மூச்சு முட்டுதுக்கா" என்றாள். பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

யசோதினியின் பழைய மடல்களில் எப்போதும் கடைசியில் ஏதாவது ஒரு வரி இருக்கும். முருங்கை காய்த்திருக்கிறது, கரண்ட் போய்விட்டது, இப்படி. இப்போது அது இல்லை. அவரவர்க்கு வேலை இருக்கும்.

ஜனவரி 27, திங்கள்

இன்று ஒரு உருப்படியான வேலை செய்தேன். மனுஷருக்குப் போட்ட சட்டம் மென்பொருளுக்கும் பொருந்த வேண்டாமா? செவிவழி பேசுகிற பழைய வாசகங்களில் அங்கங்கே "நீ திறந்த கோப்பு", "நீ தேடிய சொல்" என்று கிடந்தது. கண் தெரியாதவரை மென்பொருள் "நீ" என்று கூப்பிடலாமா? நாலாயிரத்துச் சொச்சம் வாசகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க யாரால் முடியும்? "நீ" வருகிற இடமெல்லாம் "நீங்கள்" என்று ஒரே கட்டளையில் மாற்றிவிட்டேன். ஒரு நொடி வேலை.

பூபதி: "நல்லா இருக்குங்கக்கா." சரி போட்டான்.

யசோதினி: "சரி." சரி போட்டாள்.

இரண்டு பேர் பார்த்தாயிற்று, உள்ளே போயிற்று. முன்னெல்லாம் என் திருத்தம் ஒன்று உள்ளே போக ஒரு வாரம் நாக்குத் தள்ளும். மரியாதை வந்தால் வேலையும் வேகமாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரிக்கு ரசமும் அப்பளமும்.

ஜனவரி 30, வியாழன்

எஸ்தர் கணினியில் புதுப் பதிப்பை ஏற்றிக் கொடுத்தேன். அவள் எனக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தாள்.

பிப்ரவரி 3, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

எஸ்தர் இரண்டு மாசமாகத் தேர்வுக்குக் குறிப்பு எடுத்து வைத்திருந்தாள். அவள் தம்பி சட்டப் புத்தகத்தை வாசிக்க, அவள் தட்டச்சு செய்து செவிவழியின் குறிப்பேட்டிலேயே வைத்திருந்தாள். தினமும் சாயந்திரம் முழுவதையும் போட்டுக் கேட்பாள்.

இன்று காலை குறிப்பேட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பொத்தானாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். "திற." "சேமி." அடுத்த பொத்தான், யசோதினியின் குரலில்: "நீங்கள்க்கு."

அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அமுக்கியிருக்கிறாள். "எல்லாவற்றையும் நீங்கள்க்கவா?" என்று கேட்டிருக்கிறது. ஆமாம் என்று அமுக்கியிருக்கிறாள்.

நீக்கு. அந்தப் பொத்தான் "நீக்கு". நீ வருகிற இடமெல்லாம் நீங்கள் ஆக்கினேன் அல்லவா? நீக்கு, நீங்கள்க்கு ஆகிவிட்டது. நீளம், நீங்கள்ளம். நீலம், நீங்கள்லம். நாலாயிரத்துச் சொச்சம் வாசகத்தில் ஒன்றைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய இரண்டு பேரும் பார்க்கவில்லை.

இரண்டு மாசக் குறிப்பு மொத்தமும் போய்விட்டது. அவள் நகல் எடுத்து வைக்கவில்லை.

"எனக்குன்னு புதுசா ஏதோ வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. காதில் வைத்து, "வணக்கம், லைன்ல இருங்க சார்" என்றாள்.

பாவி நான். வேறென்ன எழுத?

பிப்ரவரி 4, செவ்வாய்

அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டேன். எஸ்தர் முகத்தில் எப்படி முழிப்பேன்? அவளுக்கு என் முகம் தெரியாது என்றால் அது இன்னும் மோசம்.

கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். முதலில் பேங்க் மேனேஜர். "நீங்க சொன்னா சரிதான் சார். நீங்க பாத்துச் செய்யுங்க சார்." வைத்த கையோடு அடுத்த அழைப்பு, அவருடைய உயிர்த் தோழர் ஆறுமுகநயினார். "என்னவே, எங்க இருக்கீரு? உமக்கு ஒரு போன் போடக் கையில்லையாவே? நேத்தே வந்திருக்கணும் நீரு!"

கத்தி அப்படியே நின்றுவிட்டது.

முப்பது வருஷமாக இந்த மனுஷர் ஆறுமுகநயினாரை "நீரு" என்றுதான் கூப்பிடுகிறார். அவர் அப்பா சாவுக்கு முதலில் வந்து நின்றது ஆறுமுகநயினார். "நீங்க" எல்லாம் மேனேஜருக்குத்தான். எங்கள் ஊர் ஆம்பளைகள் வாய் திறந்தால் வேயும் நீரும்தான், நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் எந்தப் பொம்பளையும் நீர் என்று சொல்லியும் கேட்டதில்லை, யாரும் எங்களைச் சொல்லியும் கேட்டதில்லை. அதனால் ஒரு பொம்பளை அப்படி எழுதியதும் என் காதுக்கு அது திமிராகப் பட்டிருக்கிறது. நெல்லைக்காரி எனக்கே உறைக்கவில்லை என்றால் சூலூர்ப் பையனைச் சொல்லி என்ன பயன்?

வெண்டைக்காயைப் போட்டுவிட்டுப் பழைய மடல்களைத் தோண்டினேன். இரண்டு வருஷமாக யசோதினி பூபதிக்கு எழுதியதெல்லாம் நீங்கள், நீங்கள், நீங்கள். முதல் "நீர்" டிசம்பர் பதினாறாம் தேதி. "பூபதி, நீர் செய்ததுக்கு நான் என்ன சொல்ல? அம்மா வீட்டுக்கு வந்துவிட்டா."

ஜனவரி பன்னிரண்டுக்கு முன் மொத்தம் ஆறு தடவை எழுதியிருக்கிறாள். ஆறையும் அவன் வாய் திறக்காமல் விழுங்கியிருக்கிறான்.

பிப்ரவரி 6, வியாழன்

யசோதினிக்கு போன் செய்தேன். முதலில் நீக்கு நீங்கள்க்கு ஆன கதையைச் சொன்னேன். பிறகு, கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்று வாரம் தாமதமாகக் கேட்டேன்.

 அவள் சொன்னாள்.

"டிசம்பரில அம்மாவுக்கு ஒப்பரேஷன். நான் ரெண்டு கிழமை, பதினாலு நாள், ஆஸ்பத்திரியில. பூபதி ஒருத்தருக்கும் சொல்லாமல் என்ர வேலையையும் சேர்த்துச் செய்தவர். நான் வந்து பாக்கிறன், ஒண்டும் மிச்சமில்லை. கேட்டதுக்கு 'அம்மாவப் பாத்துக்கங்க'ண்டு மட்டும் எழுதினவர். அதுக்குப் பிறகும் அந்தப் பெடியனை நான் நீங்கள் எண்டு தள்ளி வைச்சுக் கதைக்கேலுமே? நீங்கள் எண்டது பெரிய ஆக்களுக்கும் தெரியாத ஆக்களுக்கும். கிட்ட வந்த ஆக்களை எங்கட பக்கம் நீர் எண்டுதான் சொல்லுறது. ஆறுதலா எண்டால் அவசரப்படாமல் எண்டுதான் அர்த்தம். நான் என்ன பிழை விட்டனான் எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கேல்லை. நீங்கள் சட்டம் போட்டீங்கள். சரி, அவைக்கு நாங்கள் ஆரோ பிறத்தி ஆக்கள்தானே எண்டு விட்டிட்டன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன், வெட்கமில்லாமல்.

"நீங்கள் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

கேட்டிருக்கலாம். எனக்கு அன்றைக்குத் தீர்ப்புச் சொல்கிற அவசரம். அவன்மேல் எனக்கென்ன பொறாமையா? அதெல்லாம் ஒன்றுமில்லை.

வைப்பதற்கு முன் அவளே சொன்னாள். "அந்தப் பிள்ளையின்ர குறிப்பைத் திருப்பி எடுக்கலாம். செவிவழி தான் வாசிச்ச எல்லாத்தையும் முப்பது நாள் நினைவில வைச்சிருக்கும். பூபதியும் நானும் மூண்டு கிழமை சண்டை பிடிச்சு வைச்சது. ஆனால் பூட்டு பூபதியின்ர. அவர் இல்லாமல் திறக்கேலாது."

அந்தச் சண்டை எனக்கு நினைவிருக்கிறது. உச்சரிப்புப் பிழையைக் கண்டுபிடிக்க வாசித்ததை எல்லாம் சேமிக்க வேண்டும் என்று இவள். ஒருத்தர் கேட்டதையெல்லாம் சேர்த்து வைப்பது வேவு பார்ப்பது மாதிரி என்று அவன். எண்பத்து நாலு மடல். கடைசியில் சேமிக்கலாம், ஆனால் அவரவர் கணினியில் மட்டும், முப்பது நாள் மட்டும், பூட்டோடு என்று முடிந்தது. அத்தனை மடலிலும் ஒருவர் மனம் நோகும்படி இன்னொருவர் ஒரு சொல் எழுதவில்லை. அப்போது சட்டம் எதுவும் கிடையாது.

பிப்ரவரி 7, வெள்ளி

மடலில் எல்லாருக்கும் எழுதினேன். நோட்டில் முதலில் எழுதிப் பார்க்கவில்லை, நேராகவே எழுதினேன். நீக்கு நீங்கள்க்கு ஆனது என் தப்பு. ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டுச் சட்டம் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. ஒரு பெண்ணின் இரண்டு மாச உழைப்பு அதில் போயிருக்கிறது.

பூபதிக்குத் தனியாக போன் போட்டு, குறிப்பை மீட்க அவன் பூட்டுத்தான் வேண்டும் என்று யசோதினி சொன்னதைச் சொன்னேன். அந்த "நீர்" எந்தத் தேதியில் ஆரம்பித்தது, ஏன் ஆரம்பித்தது என்றும் சொன்னேன். 

"அம்மா வீட்டுக்கு வந்த நாளுங்களா?" என்றான்.

"ஆமா."

"அன்னைக்குத்தானுங்கக்கா நான் சோறு திங்காமப் படுத்தேன். இவ்வளவு செஞ்சும் மரியாதை கொறஞ்சு போச்சேன்னு." அப்புறம் வைத்துவிட்டான்.

பிப்ரவரி 8, சனி

காலை ஏழு மணிக்கு மடலில் பூபதியின் பதில். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"யசோதினி அக்கா, நீர் கோபிக்காதீங்கள். நீர் வாருங்கள். நீர் சொன்னபடி பூட்டின் இலக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன். உமது உதவி இல்லாமல் வரிசைப்படுத்த முடியாதுங்க."

ஏழு இருபதுக்கு யசோதினி:

"நீர் கோபிக்காதேயும். நீர் வாரும். 'நீர் வாருங்கள்' எண்டு ஒரு தமிழ் இல்லை. சட்டம் இன்னும் இருக்குதெண்டு நினைக்கிறன், மட்டுறுத்துநர் எங்கள் ரெண்டு பேரையும் துரத்தட்டும். பூட்டின்ர இலக்கத்தை அனுப்பும். முருங்கை பூத்திருக்கு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்று நாள் எஸ்தரின் கணினியில் இருவரும் தூரத்திலிருந்தே வேலை செய்தார்கள். எஸ்தர் அனுமதி கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் பொத்தானை அமுக்கினேன். மூன்று நாளும் சண்டைதான். "அந்தத் துண்டு அங்க வராது." "வருமுங்க." "வராது, நீர் கேட்டுப் பாரும்." என் காதுக்கு நாதஸ்வரம்.

முழுக் குறிப்பும் திரும்பி வந்தது. ஒரு விஷயம் பாக்கி. ஜனவரி இருபத்திரண்டுக்கு முன் வாசித்ததில் காற்புள்ளி இருந்தது. அதற்குப் பின் வாசித்ததில் ஒன்றுகூட இல்லை. காற்புள்ளி இல்லாத சட்டப் பிரிவைக் கேட்டால் யாருக்கு விடுப்பு, யாருக்குத் தண்டனை என்றே புரியவில்லை.

பூபதி அதை வாசித்துவிட்டு எழுதினான்: "சாப்பிட்டதைக் கக்கிப்போட்டேனுங்க. காற்புள்ளி எல்லாம் திரும்ப வைத்தாயிற்று. வேகம் வேண்டியவர்கள் தனியாகப் பொத்தான் போட்டுக்கொள்ளலாம். பாரும்." "பாரும்" சரியாக எழுதியிருந்தான்.

குறிப்பில் விட்டுப்போனதைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்து நான் வைத்தேன். எஸ்தர் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். "இப்ப மூச்சு விடுதுக்கா" என்றாள். கடலை மிட்டாயைப் பாதியாக உடைத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 24, திங்கள்

புதுப் பதிப்பு வெளிவந்தது. "நீக்கு" பொத்தானை முப்பது தடவை போட்டுக் கேட்டேன். வீட்டுக்காரர், "போதும்ட்டி, நானே நீங்கிருவேனோன்னு பயமா இருக்கு" என்றார்.

மார்ச் 1, சனி

எஸ்தர் ஹாலைவிட்டு வெளியே வந்தாள். "எல்லாத்தையும் நானே எழுதிட்டேன்க்கா. யார்கிட்டயும் சொல்லி எழுதல." முடிவு வர மூன்று மாசம் ஆகும். இரண்டு பேரும் ஜங்ஷனில் அல்வா வாங்கித் தின்றோம்.

மார்ச் 2, ஞாயிறு

பழைய சட்டத்தை நீக்கிவிட்டேன். நீக்குவதற்கு முன் நீக்குதான் என்று இரண்டு தரம் பார்த்தேன். புதிதாக ஒன்று எழுதிப் பார்வைக்கு வைத்தேன்:

"யாரை எப்படி அழைப்பது என்பதை அவரவரிடமே கேளுங்கள். ஒரு சொல் தைத்தால் கோபப்படுவதற்கு முன் அதன் ஊரைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் கேட்காமல் மட்டுறுத்துனர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சரி போடுகிறவர்கள் பார்த்துவிட்டுச் சரி போடவும், இல்லாவிட்டால் சண்டை பொடவும்."

பூபதி: "நல்லா இருக்குங்கக்கா. இந்தத் தடவை நிஜமாவே வாசிச்சேனுங்க."

சாயந்திரம் யசோதினியின் பதில் வந்தது.

"வடிவு, நீர் நாலு வரியில ரெண்டு பிழை விட்டிருக்கிறீர். 'மட்டுறுத்துனர்' இல்லை, 'மட்டுறுத்துநர்'. உம்மட பதவியின்ர பேரையே பிழையா எழுதினால் எப்பிடி? 'பொடவும்' இல்லை, 'போடவும்'. ஆறுதலா இருந்து திருத்தும்."

வடிவு. நீர். உம்மட.

மூன்று தரம் வாசித்துவிட்டு, எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். "ஏசியிருக்காளே உன்னய?"

"ஆமா, ஏசியிருக்கா."

"பெறவு எதுக்குட்டி இப்படிச் சிரிக்க?"

இரண்டு பிழையையும் திருத்திவிட்டேன். வேறொரு வரியில் புதிதாக ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு அவள் கண்டுபிடிக்கட்டும்.